பாத்தி என்று நான் சொன்னது

எங்கள் கட்டடத்தின் பின்சுவரில், மேல் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு வார்ப்பிரும்பு மழைக்குழாய் இறங்குகிறது. கட்டடம் கட்டின நாளில் வைத்தது. இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தால்தான் பிடிபடும். பம்பாய் மாட்டுங்காவில் இந்த மாதிரிக் குழாய் இல்லாத பழைய கட்டடம் கிடையாது, அதை நிமிர்ந்து பார்க்கிற ஆளும் கிடையாது. நானும் பார்த்ததில்லை. அந்தக் குழாயால்தான் நானும் கீழ்வீட்டுக்காரியும் மூன்று மழைக்காலம் பேசாமல் இருந்தோம் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

கீழ்வீட்டுக்காரி என்று எழுதவே கை கூசுகிறது. அவள் என் சிநேகிதி. நான் முதல் மாடி, அவள் தரைத்தளம். இருபத்திரண்டு வருஷம் ஒரே லோக்கல் ரயிலில், ஒரே லேடீஸ் டப்பாவில் ஆபீஸ் போனவர்கள் நாங்கள். ஒரே ஒரு இடம் கிடைத்தால் பைகுலா ஸ்டேஷன் வரைக்கும் அவள் உட்காருவாள், அதற்கப்புறம் நான். திரும்பி வரும்போது இரண்டு வீட்டுக் கறிகாயையும் ரயிலிலேயே ஒரே பையில் நறுக்கிப் போட்டுக்கொண்டு வந்து, கட்டடத்து வாசலில் பங்கு பிரிப்போம். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பல வருஷம் ஒரே நாளில் ஒரே கறிதான்.

சண்டை ஒரு ஜூலை மழையில் வந்தது. அவளுடைய பின்னறைச் சுவர் ஊறிப்போய், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, காலண்டர் மாட்டின ஆணி தானாகக் கழன்று விழுந்துவிட்டது. அவள் நேராக மாடியேறி வந்தாள்.

“உன் மோரித் தண்ணிதான் என் சுவத்துல எறங்கறது. வந்து பாரு.”

மோரி என்றால் பம்பாய் வீடுகளில் குளிக்கிற, துவைக்கிற, பாத்திரம் தேய்க்கிற மூலை. என் மோரிக்கு அப்போதுதான் புது டைல் போட்டு, வருகிற போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“என் மோரி உன் அடுக்களையைவிட சுத்தமாக்கும்!” என்றேன்.

அடுக்களையே கோவில் என்று இருக்கிற தஞ்சாவூர்க்காரியிடம் சொல்கிற வார்த்தையா அது? சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கடித்த நாக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, “அப்படியா? சரி,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அதற்கப்புறம் எங்களுக்கு வாட்ச்மேன்தான் தபால்காரன். தண்ணீர் டேங்க் சாவி வேண்டுமென்றால் நான் அவனிடம் இந்தியில் “நீச்சேவாலியிடம் கேள்” என்பேன், கீழ்வீட்டுக்காரியிடம் என்று அர்த்தம். அவள் என்னை “ஊப்பர்வாலி”, மேல்வீட்டுக்காரி, என்று சொல்வாளாம். இந்திக்காரர்கள் ஊப்பர்வாலா என்று பகவானைச் சொல்வார்கள். அந்தப் பட்டம் கிடைத்தும் எனக்குச் சந்தோஷமில்லை. பூக்காரியிடம் எதிரெதிராக நின்று இரண்டு பேரும் மல்லிகையையே முறைத்துக்கொண்டிருப்போம். சும்மா சொல்லக் கூடாது, அவள் இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. கறிகாய் நறுக்கும்போதெல்லாம் அளவு தப்பி இரண்டு வீட்டுக்கு நறுக்கிவிடுவேன். என் ஆத்துக்காரர் இரண்டு வேளையும் அதையே சாப்பிடுவார்.

போன வருஷம் மே மாதம் எங்கள் கட்டடத்து ஹவுஸிங் சொசைட்டி மீட்டிங். கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அந்த வருஷம் நான்தான் செகரெட்டரி. திறமையைப் பார்த்துக் கொடுத்த பதவி இல்லை. வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் பேசி முடிந்து எழுந்திருக்கப் போகும்போது அவள் கை தூக்கினாள். இந்த மழைக்கும் சுவர் நனைந்தால் வீட்டை விற்றுவிட்டுப் பூனாவில் பெண்ணிடம் போய்விடப் போகிறேன் என்று இந்தியில் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அதுவரைக்கும் எனக்கு, பேசாவிட்டால் என்ன, அவள் கீழே இருக்கிறாள் என்று இருந்தது. காலையில் அவள் வீட்டு ரேடியோ சத்தம், பத்து மணிக்கு அவள் பெருங்காயம் பொரிக்கிற வாசனை. அது இல்லாமல் அந்தக் கட்டடத்தில் எப்படி இருப்பது? ஆனால் செகரெட்டரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே! தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் சொன்னதை மினிட்ஸ் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். இந்த மழைக்கு அந்தச் சுவர் நனையக் கூடாது. என் மோரியைப் பரிசோதித்தாயிற்று, அதில் ஒரு குற்றமும் இல்லை. மிச்சம் இருப்பது அந்த மழைக்குழாய்தான்.

முதலில் வந்த இரண்டு காண்டிராக்டர்களும் ஒரே பாட்டுப் பாடினார்கள். இரும்பையெல்லாம் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் வைத்துவிடலாம் என்றார்கள். பக்கத்துக் கட்டடத்தில் வைத்த பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்து, கோணிக்கொண்டு நிற்பதை நான் தினம் பார்க்கிறேன். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கடைசியில் ஹார்ட்வேர் கடைக்காரர்தான் தாராவியிலிருந்து ஓர் ஆளை அனுப்பி வைத்தார். பீடு பைப் என்றால் அவர்தான் என்றார். வார்ப்பிரும்புக்குப் பம்பாயில் பீடு என்று பெயர்.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். கூட ஒரு மச்சான், அவர் வாயே திறக்காத மனுஷர், கயிறு பிடிப்பதுதான் வேலை. குழாய்க்காரர் என்னிடம் இந்தியில் பேசினார், நானும் இந்தியில் பேசினேன். மூங்கில் சாரம் கட்டி ஏறி, சின்னச் சுத்தியலால் குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல இரும்பு டிங் என்று சொல்லும், வெடித்த இரும்பு டொப் என்று சொல்லும் என்று விளக்கம் வேறு. நான் மோரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு, டிங் எத்தனை, டொப் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மேற்பார்வையில் அவருக்கு என்ன தடுமாற்றமோ, சுத்தியல் குழாயை விட்டுவிட்டு விரலில் இறங்கியது.

“யாத்தே! பெருவெரல்ல போட்டுட்டனே!”

“அட, தமிழா நீங்கோ?” என்றேன்.

அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டே, “மாமி, இத மொதல்லயே சொல்லப்பிடாதா? ரெண்டு நாளா இந்தி பேசிப் பேசி நாக்கு நொந்து போச்சு,” என்றார்.

அன்றிலிருந்து தமிழ்தான். ஆனால் அதிலும் ஒரு சங்கடம். அவர் வீட்டுத் தமிழ் திருநெல்வேலி. என்னுடையது பாலக்காடு. இத்தனைக்கும் நான் பிறந்ததே மாட்டுங்காவில். பாலக்காட்டைப் பார்த்தது நாலு கல்யாணத்துக்குப் போனபோதுதான். அந்த நாலு தடவையும் எனக்குக் கொசுக்கடிதான் ஞாபகம். ஆனாலும் வாயில் வருவது வீட்டில் பேசின பேச்சுதானே. அவர் வேகமாகப் பேசினால் எனக்குப் பாதி புரியாது. நான் பேசினால் அவர் மரியாதையாகத் தலையாட்டுவார். புரிந்துதான் ஆட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வேலை என்னவோ அருமையான வேலை. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு, சுவரைப் பார்த்த பக்கத்தில் நீளமாகப் பிளந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. அதைக் கழற்றி, பழைய இரும்புச் சந்தையில் அதே அளவில் ஒரு நல்ல துண்டு தேடிக் கொண்டு வந்து மாட்டினார். இரண்டு துண்டு சேருகிற வாயில் சணல் கயிற்றைத் திணித்து உளியால் இறுக்கி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார். ஊற்றினதும் அது ஒரு நொடி கண்ணாடி மாதிரி மின்னிவிட்டு மங்கிப்போகும். அதைப் பார்ப்பதற்காகவே நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து இரண்டு தடவை பொங்கவிட்டேன்.

அடிக் குழாயை மட்டும் அவர் தட்டிப் பார்க்கவில்லை. காரணம், அதன் காலடியில் அவள் போட்டிருந்த தோட்டம். ரிட்டயர் ஆன வருஷம் ஆரம்பித்தாள். பின்சுவர் ஓரமாகச் செங்கல் அடுக்கி, மண் கொட்டி மேடாக்கி, புதினா, சேம்பு, ஆளுயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை. மாடி வீட்டு மராத்திக்காரர்கள் சேம்பு இலை கேட்டுப் பையோடு வருவார்கள். குழாயின் கீழ்ப்பாகம் அந்தப் பச்சைக்குள் எங்கேயோ இருந்தது. “செடிய மிதிச்சா அந்தம்மா ஏசுவாவ,” என்று சொல்லி அவர் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நாலாம் நாள் நான் மேல் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் மாடியின் சாய்வுக் கூரைக்குக் கீழே ஓரமாக ஒரு இரும்பு வாய்க்கால் ஓடுகிறது. கூரைத் தண்ணீரெல்லாம் அதில் சேர்ந்துதான் குழாயில் இறங்கும். அது நிறைய மண், புல், போதாக்குறைக்கு இரண்டு அரசங்கன்று. இதைச் சுத்தம் பண்ணாவிட்டால் கீழே செய்த வேலையெல்லாம் எதற்கு? இறங்கி வந்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். குழாய்க்காரர் கீழே டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு பாங்க்குக்குப் போகிற அவசரம்.

“கேட்டேளா, அந்தப் பாத்தி பூரா மண்ணாக்கும். மொளச்சிருக்கறது அத்தனையும் வேரோட பிடுங்கிடுங்கோ. மண்ணையும் சுத்தமா வாரிடணும்.”

அவர் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தார். “பாத்தியவா மாமி?”

“ஆமாம், பாத்தியைத்தான்.”

“அம்புட்டையுமா?”

“ஒரு இலை பாக்கி இருக்கப்படாது.”

“கீழ உள்ள அம்மா ஏச மாட்டாவளா?”

மேலேயிருந்து சகதி அவள் வாசலில் விழுமே என்று கேட்கிறார் என்று நான் நினைத்தேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “அவ என்னத்துக்கு ஏசணும்? நான் செகரெட்டரியாக்கும். பிடுங்குங்கோன்னா பிடுங்குங்கோ. மனசிலாச்சா?”

“நீங்க சொன்னாச் சரிதான்,” என்றார். அவர் முகம் ஏன் அப்படிச் சுருங்கிப் போயிற்று என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற ஜாதியா நான்? குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளும் அன்றைக்கு வீட்டில் இல்லை, செம்பூரில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். புதினா இல்லை. சேம்பு இல்லை. செங்கல்லெல்லாம் ஒரு மூலையில் ஒழுங்காக அடுக்கியிருந்தது. கறிவேப்பிலை மரம் வேரும் மண்ணுமாக ஈரச் சாக்கில் சுற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சேம்பு இலைகளையெல்லாம் வாயில்லாத மச்சான் தனியாகக் கட்டுக்கட்டி வைத்திருந்தார். முழங்காலளவு குழிக்குள் குழாய்க்காரர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

“அய்யய்யோ! என்ன பண்ணிட்டேள்? யார் சொல்லி இதைப் பிடுங்கினேள்?”

“நீங்கதான மாமி சொன்னிய! பாத்தியப் பிடுங்குங்கன்னு சொன்னியல்லா?”

“நான் பாத்தியைச் சொன்னேன்!”

“இதுதான பாத்தி!”

“இது தோட்டம்! பாத்தி மேலே இருக்கு!”

“மேல ஏது பாத்தி? மேல கூரைதான் இருக்கு!”

இப்படியே எவ்வளவு நேரம் கத்தினோமோ தெரியாது. மேலே ஜன்னலில் ஒரு சத்தம். என் ஆத்துக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் திருச்சிக்காரர். கல்யாணமான புதிதில் என் பேச்சைப் புரிந்துகொள்ளத் தனியாகப் பாடம் படித்தவர்.

“உங்காத்துப் பேச்சுல பாத்தின்னா கூரைக்குக் கீழ தண்ணி ஓடற வாய்க்கால்,” என்றார். “தமிழ்நாடு பூராவும் பாத்தின்னா கீரை போடற எடம். நீ சொன்னதை அவர் எழுத்துப் பிசகாம செஞ்சிருக்கார். ஒரு இலை பாக்கி இல்லை, பாரு!”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. சுவர் நனையாமல் இருந்தால் அவள் இருப்பாள் என்று இத்தனை பாடுபட்டு, கடைசியில் அவள் ஆசையாக வளர்த்ததையே ஆள் வைத்துப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். சுவர் காய்ந்தால் என்ன, நனைந்தால் என்ன, இனி அவள் இங்கே ஒரு நாள் இருப்பாளா? அந்தச் செங்கல் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“மாமி, அழுவாதிய. இங்கன வந்து பாருங்க,” என்றார் குழாய்க்காரர் குழிக்குள்ளிருந்து.

வேண்டாவெறுப்பாக எட்டிப் பார்த்தேன். குழாயின் அடிமுனை, தண்ணீர் வெளியே வருவதற்காக வளைந்திருக்கும் இடம், மண்ணுக்குள் முழுக்கப் புதைந்து கிடந்திருக்கிறது. இப்போது தோண்டினதில் வெளியே வந்திருந்தது. அந்த வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர், சீப்பில் சிக்கின தலைமயிர் மாதிரி, கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தது. அவர் சுத்தியலை எடுத்து அடியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டொப், டொப், டொப். அவருடைய தோள் உயரம் வந்த பிறகுதான் டிங் என்றது.

“இம்புட்டு தூரத்துக்கு வேரும் மண்ணும் அடைச்சுக் கெடக்கு. மழ பேஞ்சா தண்ணி எங்கன போவும்? மேலதான் ஏறும். பொளந்த எடத்து வழியா சுவத்துக்குள்ள எறங்கும். இதப் பாக்காம நான் மேல மட்டும் ஈயத்த ஊத்திட்டுப் போயிருந்தா, வேற மூட்டு பிச்சுக்கிட்டு இந்த மழைக்கும் அந்தம்மா சுவரு நனைஞ்சுதான் இருக்கும். உங்க பாத்திதான் மாமி காப்பாத்திச்சு!”

நான் விரல் விட்டு எண்ணினேன். அவள் ரிட்டயர் ஆனது ஏப்ரலில். மண் கொட்டி மேடாக்கியது மே மாதம். சுவர் முதல் தடவையாக நனைந்தது அடுத்த வருஷ ஜூலை. எல்லாம் அவளுடைய கறிவேப்பிலையின் வேலை! என் மோரி சுத்தம், என் டைல் சுத்தம். மூன்று வருஷம், மூன்று வருஷம் என்னைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தாளே! அழுகை போன இடம் தெரியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் வந்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக மனசுக்குள் அடுக்கினேன். மோரியில் ஆரம்பித்து அந்த ‘அப்படியா? சரி’ வரைக்கும் ஒன்று விடாமல் அடுக்கினேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் வந்தாள். பட்டுப்புடவை, கையில் சீமந்தத்துத் தாம்பூலப் பை. வாட்ச்மேன் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், வீட்டுக்குள்கூடப் போகாமல் நேராகப் பின்பக்கம் வந்தாள். குழியைப் பார்த்தாள். சாக்கில் சுற்றின மரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“என்ன காரியம்டீ பண்ணி வெச்சிருக்கே!”

அடுக்கி வைத்திருந்த அத்தனையும் எனக்கு மறந்துபோயிற்று. மூன்று வருஷத்துக்கப்புறம் அவள் என்னை டீ போட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். திட்டத்தான் கூப்பிட்டாள், எனக்கென்ன? நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். அவள் மேலே மேலே கத்தினாள். புதினா எங்கிருந்து கொண்டு வந்தது, கறிவேப்பிலைக்கு எத்தனை நாள் புளித்த மோர் ஊற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கத்தினாள். காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூச்சு வாங்க நிறுத்தினபோது அவள் கண் குழாயின் வாயில் போய் நின்றது. துறைமுக ஆபீஸில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவள், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி வேரைப் பார்த்தாள்.

“அப்போ என் கறிவேப்பிலைதானா?” என்றாள் மெதுவாக.

“பைப்பும் பொளந்துதான் இருந்தது,” என்றேன் நான் அவசரமாக. “என் மோரிக்கு நேராத்தான் பொளந்திருந்தது.”

குழாய்க்காரர் ஏதோ திருத்தப் போகிற மாதிரி வாயைத் திறந்தார். நான் ஒரு முறை முறைத்தேன்.

“ரெண்டும்தாம்மா, ரெண்டும்தான்,” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

அடிக் குழாயைக் கழற்றி மூங்கில் கழியால் குத்திக் குத்தி அவர் வேரையும் மண்ணையும் வெளியே எடுத்தார். ஒரு கூடை நிறைய வந்தது. திரும்ப மாட்டும்போது குழாயின் வாய் தரைக்கு மேலே நிற்கும்படி வைத்து, அதிலிருந்து தெருச் சாக்கடைவரை சிமெண்டில் ஒரு சின்னக் கால்வாய் கட்டினார். அடுத்த நாள் மேலே ஏறி, என் பாத்தியையும் ஒரு இலை பாக்கி இல்லாமல் சுத்தம் செய்தார். அதற்கும் அடுத்த நாள், குழாயிலிருந்து நாலடி தள்ளிச் செங்கல் அடுக்கி அவள் செடிகளைத் தன் கையாலேயே நட்டுக் கொடுத்தார். அவள் பக்கத்தில் நின்று இங்கே புதினா, அங்கே சேம்பு என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். “மாமி, நல்லாப் பாத்துக்கிடுங்க. எங்க ஊர்ல இதுக்குப் பேருதான் பாத்தி,” என்று அவர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். வாயே திறக்காத மச்சான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

அதற்கப்புறம் நானும் அவளும் பேசத்தான் செய்தோம். பால் வந்ததா, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் காஸ் சிலிண்டர் தூக்குகிறவன் வந்தானா என்கிற பேச்சு. ஆனால் அவள் மாடியேறி வரவில்லை, நான் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. பூனா விஷயத்தை அவளும் எடுக்கவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை. ஜூன் முதல் வாரத்தில் ஒரு புரோக்கர் வந்து, அவள் வீட்டை அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போவதை மோரி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஜூன் நடுவில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் முதல் மழை எப்போதும் விளையாட்டாக வந்து போகும். இது அப்படி இல்லை, வரும்போதே கொட்டோகொட்டென்று கொட்டியது. என் மோரிக்கு வெளியே குழாய்க்குள் தண்ணீர் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. நாலு வருஷமாக அந்தச் சத்தம் இல்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டிப் பார்த்தேன். கீழே குழாய் வாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வெளியே பாய்ந்து சிமெண்ட்டுக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் மாடியில் நிற்க முடியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கினேன்.

அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கேட்காமலேயே உள்ளே போனேன். பின்னறையில் அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போய் என் கையையும் வைத்தேன். கையைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். நடுவில் என் போன் அடித்தது. தாராவியிலிருந்து குழாய்க்காரர்.

“மாமி, சுவரு எப்பிடி இருக்கு?”

“இருங்கோ, பார்த்துண்டிருக்கோம்,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அரைமணி நேரம் ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. மழை விடவில்லை. சுவர் அப்பளம் மாதிரிக் காய்ந்துதான் இருந்தது. ஒரு சொட்டு இல்லை, ஒரு கறை இல்லை.

“பொண்ணுக்குப் போன் பண்ணணும்,” என்றாள் அவள்.

“என்னன்னு?”

“புரோக்கரை இனிமே அனுப்பாதேன்னு. காபி குடுத்துக் குடுத்து எனக்கு அலுத்துப் போச்சு.”

“சுவர் காஞ்சிருக்குன்னும் சொல்லு,” என்றேன். “நீ அப்போ போகலியே?”

அவள் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“சுவர் நனைஞ்சிருந்தாலும் நான் எங்கடீ போகப் போறேன்? அன்னிக்கு மீட்டிங்குல அப்படிச் சொன்னாலாவது, ஏண்டீ போறேன்னு நீ வந்து ஒரு வார்த்தை கேப்பேன்னு பார்த்தேன். நீ நோட்டுப் புஸ்தகத்துல எழுதிண்டே.”

அவள் அடுக்களைக்குப் போய் அரிவாள்மணையையும் ஒரு பை கொத்தவரங்காயையும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.